பார்வைக்கு இடைஞ்சலாக ஒரு கம்பு

3 பிப்ரவரி 2025, திங்கள்

ஏழாவது படம். முடித்தேன் என்று சொல்ல முடியாது, நிறுத்தினேன். ஆறு பத்துக்கு வானம் சாம்பல். ஆறு இருபத்தைந்துக்கு இளமஞ்சள். அதற்குள் தாள் காய்ந்துவிட்டது. காய இருபது நிமிடம் ஆகும் என்று கணக்குப் போட்டிருந்தேன், பன்னிரண்டே நிமிடம். கணக்கில் காற்றைச் சேர்க்காதது என் தவறு.

ஒரே கரை, ஒரே இடம். நான் உட்காரும் இடத்தில் நான்கு செங்கல் பதித்து வைத்திருக்கிறேன், ஒரு அங்குலம்கூட நகரக் கூடாது என்பதற்காக. பன்னிரண்டு காலை, பன்னிரண்டு படம். எல்லாத் தாளிலும் தொடுவானம் கீழிருந்து சரியாகப் பதினான்கு சென்டிமீட்டர். சுவரில் வரிசையாக மாட்டினால் ஒரே கோடாக ஓட வேண்டும். சென்னையில் சர்வே கம்பெனியில் மூன்று வருடம் யார் யாருடைய நிலத்துக்கோ கோடு போட்டேன். இது என் கோடு.

இன்று யாரோடும் பேசவில்லை. டீக்கடையில் "ஒண்ணு" என்றேன். அது பேச்சில் சேராது.

5 பிப்ரவரி, புதன்

மேகம். வரையவில்லை. ஆன்லைனில் வந்த மாடிவீட்டு பிளான் ஒன்றை முடித்து அனுப்பினேன். அவர்கள் சொன்ன இடத்தில் படிக்கட்டு வைத்தால் ஏறுகிறவன் தலை இடிக்கும். எழுதிச் சொன்னேன். "நீங்க வரைஞ்சா மட்டும் போதும்" என்று பதில் வந்தது.

9 பிப்ரவரி, ஞாயிறு

ஐந்தரைக்கே மாதா கோயில் ஒலிபெருக்கி. எரிச்சல்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை. தண்ணீரில் ஒரு வள்ளம் கிடையாது, வள்ளம் கிழித்த கோடு கிடையாது. எட்டாவது படம் அதனால் பிழைத்தது.

மதியம் ரெஜினா அக்கா மாடிக்கே மீன் குழம்பு கொண்டுவந்தார். வீட்டுக்காரர் சகாயம் அண்ணனின் மனைவி. காய வைத்திருந்த படங்களை இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

"ஏந் தம்பி, நேத்து இருந்த கடலுதான இன்னைக்கும் இருக்கு? என்னத்த மாத்தி மாத்தி வரையிறீக?"

"வெளிச்சம் மாறும்க்கா."

"கரண்டு பில்லும்தான் மாறுது. பகல்ல லைட்ட அணைங்க."

போகிறவர் போகாமல் படிக்கட்டில் உட்கார்ந்து வீட்டுக் கதையைச் சொன்னார். எதிர்வீட்டு பிரடெரிக், சகாயம் அண்ணனின் கூடப்பிறந்த தம்பி. அப்பா விட்டுப்போன வள்ளம் யாருக்கு என்பதில் தொடங்கி, இரண்டு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. தெரு குறுக்கே எட்டடி இருக்கும், ஒருவர் வாசலை ஒருவர் மிதித்ததில்லை. வருகிற மே மாதம் பிரடெரிக் மகளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் விழா. பெரியப்பா இல்லாமல் எப்படி என்று ரெஜினா அக்கா ஒரு மாதமாகச் சொல்லிச் சொல்லி, நேற்று சகாயம் அண்ணன் "வாரேன்" என்றுவிட்டாராம். அந்த ஒரு சொல்லைப் பரிசு வாங்கியவர் மாதிரி சொன்னார்.

எனக்கு எதற்கு இது. குழம்பு நன்றாக இருந்தது. உப்பு கூடுதல். சொன்னேன். முகம் மாறிவிட்டது.

14 பிப்ரவரி, வெள்ளி

அய்யா போன். கடலாடியில் எங்கள் வயலில் மிளகாய்ப் பழம் எடுக்க ஆள் கிடைக்கவில்லை.

"ஏலே குருநாதா, படிச்ச படிப்புக்குக் கடலுக்குக் காவல் இருக்கியாக்கும்?"

மார்ச் கடைசியில் மதுரையில் கண்காட்சி, என் படங்கள் மட்டும், தனியாக ஒரு அறை என்றேன்.

"சரி. அப்பறம்?"

அப்பறம் என்ன என்று எனக்கும் தெரியாது. இந்த ஒரு வாய்ப்புக்காகத்தான் வேலையை விட்டேன். இது சரியாக அமைந்தால் நான் ஓவியன். இல்லையென்றால் வேலை இல்லாத இன்ஜினியர். இடையில் வேறு பெயர் கிடையாது.

20 பிப்ரவரி, வியாழன்

பத்துப் படங்களைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தேன். மதுரையில் ஓவியக்கூடம் நடத்தும் கோகிலா இன்று கூப்பிட்டார்.

"ரொம்பச் சுத்தமா இருக்கு குரு. அமைதியா இருக்கு. ஆனா நடுவுல அந்தக் குச்சி... பத்துப் படத்துலயும் கண்ணு நேரா அங்கதான் போய் நிக்குது. அது இல்லாம ஒண்ணு வரையுங்களேன். அதையே உள்ள நுழைஞ்சதும் பெருசா மாட்டிரலாம்."

"அது அங்க இருக்குதே."

"இருந்தா?"

"இருக்கறத விட்டுட்டு வரைய மாட்டேன்."

"நீங்க ஓவியரா, சர்வேயரா?"

போனை வைத்துவிட்டேன். அவர் சொன்னது சரி என்பதுதான் கோபம். கரையிலிருந்து நூற்றைம்பது மீட்டரில், தண்ணீருக்குள், ஆளுயரத்துக்கு ஒரு மூங்கில் கம்பு. உச்சியில் வெளுத்த துணி. பழைய வலைக்கு அடித்துவிட்டு மறந்துபோனதாக இருக்கும். எவ்வளவு மென்மையாக வானத்தைக் கரைத்துக் கொண்டுவந்தாலும் நடுவில் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது.

22 பிப்ரவரி, சனி

சர்வேயில் முதல் பாடம். பார்வைக்கோட்டில் கிளை மறைத்தால் வரைபடத்தில் பொய் எழுதாதே, கிளையை வெட்டிவிட்டுப் பார். தாளைத் திருத்தாதே, தரையைச் சரிசெய். இவ்வளவு எளிய விஷயம் இரண்டு நாளாக எனக்குத் தோன்றவில்லை.

சாயங்காலம் வற்றம், கடல் இறங்கியிருந்தது. இடுப்பளவுத் தண்ணீர்தான். கால்சட்டையோடு நடந்து போனேன். யாரிடமாவது கேட்கலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். கேட்டால் கதை தொடங்கும், எதுக்கு, எப்படி, வாங்க டீ குடிப்போம். போய் இழுத்தேன்.

எளிதில் வரவில்லை. அடியில் சுற்றிச் சுற்றிக் கல் அடுக்கி இறுக்கியிருந்தார்கள். யார் செய்தாலும் நல்ல வேலைக்காரன். கல்லை ஒவ்வொன்றாக விலக்கி, ஆட்டி ஆட்டிப் பிடுங்கப் பதினைந்து நிமிடம் ஆனது. விட்டதும் கம்பு மிதந்து நீரோட்டத்தோடு போனது.

திரும்பிக் கரையைப் பார்த்தேன். ஆளே இல்லை. சனிக்கிழமை மாலை, எல்லோரும் ஜெபமாலைக்குப் போயிருந்தார்கள்.

23 பிப்ரவரி, ஞாயிறு

பதினொன்றாவது.

இதுதான். நான்கு முறை எழுந்து தள்ளி நின்று பார்த்துவிட்டேன். கீழே தண்ணீர், மேலே வானம், நடுவில் எதுவும் இல்லை, ஒரு மூச்சு மட்டும். தொடுவானத்தைக் கோடாகப் போடவே இல்லை, ஈரத்தில் தானாகவே விழுந்தது. பதினான்கு சென்டிமீட்டர்தான், அளந்து பார்த்தேன்.

யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. கீழே ஓடினேன். வீடு பூட்டியிருந்தது, பூசை. தெருவில் நாய்தான் நின்றது. திரும்ப ஏறி வந்தேன். கோகிலாவுக்கு அனுப்பினேன். "இதுதான்!" என்று பதில். அதை ஏழு எட்டு தடவை படித்தேன்.

24 பிப்ரவரி, திங்கள்

கீழே கூச்சல் கேட்டு விழித்தேன். முதலில் எரிச்சல்தான் வந்தது. அதையும் எழுதியாக வேண்டும்.

சகாயம் அண்ணனை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். விடியுமுன் கரைக்குத் திரும்புகையில் வள்ளம் பாரில் ஏறிவிட்டது. பார் என்றால் தண்ணீருக்கடியில் கரையோடு ஓடும் பாறை வரப்பு. வற்றத்தில் அதன் மேல் முழங்கால் தண்ணீர்கூட இருக்காது. ஒரே ஓர் இடத்தில் வாசல் மாதிரி உடைப்பு. வள்ளங்கள் அதன் வழியாகத்தான் வரும், போகும். இருட்டில் அந்த வாசலைக் காட்டத்தான் கம்பு. டார்ச் அடித்தால் துணி தெரியும்.

"போகையில ஏத்தம், தண்ணி கெடந்துச்சு, ஒண்ணுந் தெரியல. வரயில டார்ச்ச அடிச்சு அடிச்சுத் தேடிருக்காக தம்பி. தள்ளி வந்துட்டோம்னு நெனச்சுத் திருப்பிருக்காக..." ரெஜினா அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

அடிப்பக்கம் மூன்றடி நீளத்துக்குக் கிழிந்துவிட்டது. அவருக்கு வலது மணிக்கட்டு முறிவு, நெற்றியில் ஆறு தையல்.

செத்திருக்கலாம்.

நாந்தான புடுங்குனேன். நானு. ஒரு வார்த்த கேட்டிருந்தா — யாருகிட்டயாச்சும் — இது என்ன கம்புன்னு ஒரே ஒரு வார்த்த. மூணு மாசமா இங்கன இருக்கேன். ஊருல பாதிப் பேரு பேரு எனக்குத் தெரியாது. பாருன்னு ஒண்ணு இருக்குன்னே இன்னைக்குத்தான் தெரியுது. தெனமும் அதத்தான வரைஞ்சேன்?

25 பிப்ரவரி, செவ்வாய்

அண்ணன் மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அந்தக் கம்பை நடுவது இவர்கள் குடும்பத்து முறையாம், அவர்கள் அப்பா காலத்திலிருந்து. மழைக்காலம் முடிந்ததும் பழையதை எடுத்துவிட்டுப் புதியது நடுவார்கள். சண்டைக்குப் பிறகு ஊர் கூடிப் பேசி, ஒரு வருடம் அண்ணன், ஒரு வருடம் தம்பி என்று வைத்தது. இந்த வருடம் பிரடெரிக்.

சாயங்காலம் சகாயம் அண்ணன் வாசலில் நின்று எதிர்வீட்டைப் பார்த்துக் கத்தினார். "நட்டவனுக்குத்தானடா தெரியும் எங்கன ஆட்டுனா வருமுன்னு!"

உள்ளிருந்து பதில் வந்தது. "நான் நட்டது பொயலுக்கே அசையாது. நீ கண்ணத் தொறந்து வச்சுக்கிட்டுத்தான் வந்தியா?"

"புதுநன்மைக்கு வாரேன்னு சொன்னேன் பாரு, என் நாக்க அறுக்கணும்!"

ஞாயிறு பூசை முடிந்ததும் ஊர்க்கூட்டம். நிரூபணமானால் பிரடெரிக்கைக் கடலுக்குப் போகவிடாமல் நிறுத்துவார்கள் என்று டீக்கடையில் பேச்சு.

படியில் மூன்று படி இறங்கினேன். திரும்ப ஏறிவிட்டேன்.

26 பிப்ரவரி, புதன்

சொல்லவில்லை.

27 பிப்ரவரி, வியாழன்

அழைப்பிதழிலேயே பதினொன்றாவது படத்தைப் போடப்போவதாகக் கோகிலா சொன்னார். "அந்த வெறுமை இருக்கு பாருங்க, அதுதான் குரு." சரி என்றேன்.

28 பிப்ரவரி, வெள்ளி

யாரும் பார்க்கவில்லை. கம்பு எங்கோ போய்விட்டது. அதுவாகவே விழுந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. டார்ச்சில் பேட்டரி குறைவாக இருந்திருக்கலாம். நான்கு வாக்கியமும் ரிப்போர்ட்டுக்குப் பொருத்தமானவை. இந்த மாதிரி எழுதத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

ரெஜினா அக்கா கஞ்சி கொண்டுவந்து வைத்தார். "ஒடம்புக்கு முடியலையா தம்பி? நாலஞ்சு நாளா வரையப் போகலயே." அவர் கண் வீங்கியிருந்தது. இந்த வாரம் அந்த வீட்டில் என்னைக் கவனித்துக்கொள்ள ஒருவருக்கு நேரம் இருக்கிறது.

1 மார்ச், சனி

சொல்லிவிட்டேன்.

சகாயம் அண்ணனிடம் சொல்லத்தான் இறங்கினேன். கால் எதிர்வீட்டுக்குப் போனது. கோழைத்தனம்தான். அடிபட்டவரைவிடப் பழி சுமக்கிறவரிடம் சொல்வது சுலபம் என்று நினைத்தேன்.

பிரடெரிக் வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணே, அந்தக் கம்பப் புடுங்குனது நான்" என்றேன். ஊசி நின்றது.

"எந்தக் கம்ப?"

"கடல்ல இருந்தத. போன சனிக்கெழம."

எழுந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். "எங்கிட்ட ஏன்டா சொல்ற? வா" என்று சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவைக் கடந்தார். அண்ணன் வீட்டு வாசலில் ஒரு நொடி நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

மீன் அறுத்துக்கொண்டிருந்த ரெஜினா அக்கா அப்படியே எழுந்துவிட்டார். சகாயம் அண்ணன் நாற்காலியில். நான்தான் பேச வேண்டியிருந்தது. சொன்னேன்.

"ஏன்டா புடுங்குன?" என்றார் சகாயம் அண்ணன்.

"படத்துக்கு எடஞ்சலா இருந்துச்சுண்ணே."

"படத்துக்கா?" அவருக்கு விளங்கவில்லை. மனைவியைப் பார்த்தார். "படத்துல ரப்பர வச்சு அழிச்சா ஆகாதா?"

"இருக்கறத இல்லாத மாதிரி வரைய மாட்டேண்ணே. அது பொய்."

"அதுக்கு இருந்ததவே இல்லாம ஆக்கிட்ட."

எழுந்து இடது கையை ஓங்கினார். கட்டுப் போட்ட கை நாற்காலியில் இடித்து முகம் சுருங்கியது. அப்போதுதான் பிரடெரிக் சொன்னார், இரண்டு வருடத்தில் அண்ணனிடம் கோபமில்லாமல் சொன்ன முதல் சொல்: "நீ ஒக்காரு. நான் அடிக்கிறேன்."

அடித்தார். ஒன்றுதான். காது இன்னும் இரைகிறது.

சகாயம் அண்ணன் தரையைப் பார்த்தபடி தம்பியிடம் கேட்டார். "எத்தன சுத்துக் கல்லு வச்ச?"

"அஞ்சு."

"அப்பா நாலுதான வப்பாரு."

"இந்த வருசம் நீரோட்டம் இழுக்குதுன்னு அஞ்சு வச்சேன்."

"ரொம்ப நல்லா நட்டிருந்தாருண்ணே. எடுக்கப் பதினஞ்சு நிமிசம் ஆச்சு" என்றேன்.

"நீ வாய மூடு" என்றார் ரெஜினா அக்கா. இதுவரை என்னை நீ என்றதில்லை.

அண்ணன் என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "திங்கக்கெழம காலி பண்ணிரு."

2 மார்ச், ஞாயிறு

ஊர் முன்னால் இன்னொரு முறை சொன்னேன். கோயில் வாசல், வெயில், இருநூறு பேர். இந்த ஊரில் நான் அதிகம் பேசிய நாள் இதுதான். ஒரு பெரியவர் "பைத்தியமாப்பா?" என்று அக்கறையோடுதான் கேட்டார். புதுக் கம்பை நானே வாங்கிச் சுமந்து போய், பிரடெரிக் காட்டுகிற இடத்தில் நட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று தீர்ப்பு.

3 மார்ச், திங்கள்

நட்டேன். கல் சுமந்ததில் இரண்டு உள்ளங்கையும் கிழிந்துவிட்டது. பிரடெரிக் பக்கத்தில் நின்று "இங்கன இல்ல, அங்கன", "சாயுது", "இன்னொரு கல்லு" என்பதைத் தவிர எதுவும் பேசவில்லை. முடிந்ததும் கம்பை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. திரும்பிப் பார்க்காமல் கரைக்கு நடந்தார்.

கையில் தூக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அய்யாவிடம் போகவில்லை. ராமநாதபுரத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு அறை.

6 மார்ச், வியாழன்

பதினொன்றாவது படத்தை மாட்ட வேண்டாம் என்று கோகிலாவிடம் சொன்னேன். ஏன் என்றார். எல்லாவற்றையும் சொன்னேன்.

கடைசிவரை கேட்டார். பிறகு, "குரு, இதையே எழுதிப் படத்துக்குப் பக்கத்துல ஒட்டலாமே. நின்னு படிப்பாங்க."

ஒரு மனுசன் கை ஒடஞ்சு கெடக்கு. அத எழுதி ஒட்டணுமாம். வேண்டாம் என்றேன். அந்தப் படம் இல்லாமல் மற்ற பத்துக்கும் அறை தர முடியாது, அழைப்பிதழ் அச்சுக்குப் போயாகிவிட்டது, வேறொருவருக்குத்தான் கொடுக்க வேண்டிவரும் என்றார். கொடுங்கள் என்றேன்.

அவர் கெட்டவர் இல்லை. அவரும் அந்தப் படத்தில் என்னைப் போலவே நன்றாக இருப்பதைத்தான் பார்த்தார்.

16 மார்ச், ஞாயிறு

மீதிச் சாமானை எடுத்துச் சாவியைக் கொடுக்கப் போனேன். ரெஜினா அக்கா வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டார். உள்ளே வரச் சொல்லவில்லை.

"பிரடெரிக்குதான் இப்ப ரெண்டு வீட்டுக்கும் கடலுக்குப் போறான். பட்ட மீனுல பாதிய அவன் பொண்டாட்டி கொண்டாந்து வச்சிட்டுப் போறா. இவுக வேணாங்கல. ஆனா பேச்சு இன்னும் ஒழுங்கா வரல."

"புதுநன்மைக்குப் போவாராக்கா?"

"கேட்டா செவுத்தப் பாக்காக."

அவர்கள் சண்டையை நான் உண்டாக்கவில்லை. ஆனால் முடியவிருந்ததை நான்தான் நிறுத்தினேன்.

28 மார்ச், வெள்ளி

இன்று மதுரையில் கண்காட்சி தொடங்கியிருக்கும். வேறொருவருடையது. நான் இங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்த நெய்னா முகம்மது அண்ணனின் பிளான் ஆபீஸில் மூன்று கழிவறைகளுக்கு வரைபடம் போட்டேன். அளவு எல்லாம் சரியாக இருந்தது.

13 ஏப்ரல், ஞாயிறு

ஏழு வாரத்துக்குப் பிறகு பலகையை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே ஒரு கண்மாய்க்குப் போனேன். தண்ணீர் பாதி வற்றிவிட்டது. கரையில் நின்றவரிடம் "அண்ணே, இங்கன ஒக்காந்து வரையலாமா?" என்று கேட்டேன். ஏற இறங்கப் பார்த்தார். "கம்மாய் என்ன எங்க வீட்டுதா? ஒக்காருங்க."

அவருடைய எருமை நேராக என் முன்னால் தண்ணீரில் இறங்கிப் படுத்துவிட்டது. ஒரு மணி நேரம் காத்திருந்தேன். எழவில்லை. சரி என்று அதையும் வரைந்தேன். மோசமான எருமை. பின்னால் வந்து பார்த்தவர் சொன்னார்: "இது எங்க எரும இல்ல. வேற யாருதோ."

சிரித்தேன். ஒற்றை ஆளாக அறையில் உட்கார்ந்து இப்போதும் சிரிப்பு வருகிறது. சொல்ல ஆள் இல்லை.

11 மே, ஞாயிறு

இன்றுதான் புதுநன்மை. தேதி தெரியும். காலையிலிருந்து எதுவும் ஓடவில்லை. துணி துவைத்தேன். மதியம் ஹோட்டலுக்குப் போகவும் பிடிக்கவில்லை.

இரண்டரைக்குப் போன். ரெஜினா அக்கா. பின்னால் மைக்செட்டும் பாத்திரச் சத்தமும்.

"தம்பி, சாப்புட்டியா?"

"அண்ணன் வந்தாராக்கா?"

"வந்தாராவா? ரெண்டு பேரும் ஒரே பந்தியில பக்கத்துப் பக்கத்துல ஒக்காந்து ஒன்னயத்தான் வஞ்சுக்கிட்டுக் கெடக்காக. இவுக, 'படத்துக்கு எடஞ்சலாம்டா'ங்காக. அவன் கறிய வாயில வச்சுக்கிட்டுச் சிரிச்சுப் பொரையேறிக் கெடக்கான். ரெண்டு வருசத்துல ரெண்டு பேருக்கும் ஒத்துப்போன ஒரே விசயம் நீதான்."

"சந்தோசம்க்கா" என்றேன்.

கொஞ்சம் தயங்கினார். "வாடான்னு கூப்புட முடியாது தம்பி. இப்ப முடியாது."

"தெரியும்க்கா."

யாரோ அவரை அழைத்தார்கள். "இந்தா வாரேன்" என்றவர் போனை அணைக்காமல் எங்கோ வைத்துவிட்டார்.

பெஞ்சு இழுக்கும் சத்தம். ஒரு குழந்தை அழுதது. யாரோ ரசம் கேட்டார்கள். தூரத்தில் இரண்டு ஆண்குரல்கள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு எதையோ சொல்ல, சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். என் பெயர் ஒருமுறை கேட்டது என்று நினைக்கிறேன்.

போனைக் காதோடு வைத்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். பதினோரு நிமிடம். அந்தப் பக்கம் சார்ஜ் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது, அதுவாகத்தான் நின்றது.